கடைசி நான்கு மாதமா, முதல் ஓராண்டா? ஜேம்ஸ் புக்கானனும் தடுக்கப்படாத போரும்

அமெரிக்கக் குடியரசுத் தலைவர்களைத் தரவரிசைப்படுத்தச் சொல்லி வரலாற்றாசிரியர்களிடம் அவ்வப்போது கருத்துக் கேட்பது அந்நாட்டில் வழக்கம். சி-ஸ்பான் தொலைக்காட்சி 2000, 2009, 2017, 2021 ஆகிய ஆண்டுகளில் நடத்திய நான்கு கணிப்புகளிலும் முதலிடம் ஆபிரகாம் லிங்கனுக்கும் கடைசி இடம் ஜேம்ஸ் புக்கானனுக்கும் கிடைத்தன. 15ஆவது தலைவரும் 16ஆவது தலைவரும் பதவியில் அடுத்தடுத்து இருந்தவர்கள். இருவரும் கையாண்டது ஒரே நெருக்கடியை. மதிப்பீட்டில் அவர்கள் அட்டவணையின் இரு முனைகளில் நிற்கிறார்கள்.

புக்கானன் மீதான வழக்கமான குற்றச்சாட்டு சுருக்கமானது. 1860 நவம்பர் 6 அன்று லிங்கன் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1861 மார்ச் 4 அன்றுதான் பதவியேற்றார். இடைப்பட்ட நான்கு மாதங்களில் ஏழு தென்மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பிரிந்துபோயின. வெள்ளை மாளிகையில் இருந்தவர் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏப்ரலில் தொடங்கிய போர் நான்காண்டு நீடித்தது. அதில் மாண்டவர்கள் 6,20,000 பேர் என்பது நெடுங்காலமாகச் சொல்லப்பட்டுவந்த கணக்கு. மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளை ஒப்பிட்டு 2011இல் டேவிட் ஹேக்கர் வெளியிட்ட மறுமதிப்பீடு அதை 7,50,000 அளவுக்கு உயர்த்தியது.

இவ்வளவு பெரிய அழிவைத் தடுக்க ஒரு தலைவரால் முடிந்திருக்குமா? முடிந்திருக்குமென்றால் எப்போது? குற்றச்சாட்டு சரியான ஆளின் மீதுதான் விழுந்திருக்கிறது, ஆனால் தவறான காலத்தின் மீது விழுந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். கடைசி நான்கு மாதங்களில் புக்கானன் செய்யாமல் விட்டவற்றைக் காட்டிலும், பதவியேற்ற முதல் ஓராண்டில் முழுமூச்சோடு செய்தவையே அதிகக் கேட்டை விளைவித்தன.

அனுபவத்துக்குக் குறைவில்லை

1791இல் பென்சில்வேனியாவில் பிறந்த புக்கானன் பதவிக்கு வந்தபோது அவரைவிட அனுபவம் கொண்ட அரசியல்வாதியைக் காண்பது அரிது. வழக்கறிஞர், பிரதிநிதிகள் சபை உறுப்பினர், ரஷ்யாவுக்கான தூதர், செனட்டர், போல்க் ஆட்சியில் வெளியுறவு அமைச்சர், பிறகு பிரிட்டனுக்கான தூதர் என்று நாற்பதாண்டுப் பொதுவாழ்வு அவருடையது. ஆகவே, திறமையற்ற ஒருவர் தற்செயலாக உயர்ந்த இடத்துக்கு வந்து தடுமாறினார் என்ற விளக்கம் இங்கே எடுபடாது.

அவருக்கு வேட்பாளர் வாய்ப்பைத் தந்ததே அவர் ஊரில் இல்லாததுதான். 1820இல் ஏற்பட்ட மிசூரி உடன்பாடு, 36 பாகை 30 நிமிட அட்சக்கோட்டுக்கு வடக்கே மேற்குப் புதுநிலங்களில் அடிமைமுறை கூடாது என்று வகுத்திருந்தது. இல்லினாய்ஸ் செனட்டர் ஸ்டீஃபன் டக்ளஸ் 1854இல் கொண்டுவந்த கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் அந்தக் கோட்டை அழித்தது. அடிமைமுறை வேண்டுமா வேண்டாமா என்பதை அங்கே குடியேறுவோரே வாக்களித்து முடிவு செய்யட்டும் என்றது. வடக்கில் கொந்தளிப்பு எழுந்தது; விக் கட்சி சிதைந்தது; அடிமைமுறை பரவுவதை எதிர்க்கக் குடியரசுக் கட்சி பிறந்தது. கான்சாஸில் இரு தரப்பாரும் ஆயுதம் ஏந்தி மோதினர். அந்தச் சண்டை நடந்த காலத்தில் லண்டனில் இருந்த புக்கானன் எந்தப் பக்கமும் பேசியிருக்கவில்லை. எனவே எவருக்கும் பகையாகவில்லை. 1856இல் ஜனநாயகக் கட்சி அவரை நிறுத்தியது.

அவர் பெற்ற வெற்றியின் கணக்கைக் கவனிக்க வேண்டும். மொத்தம் 174 தேர்வாளர் வாக்குகள். அதில் 112 அடிமைமுறை நிலவிய மாநிலங்களிலிருந்து வந்தவை. எஞ்சிய 62ஐத் தந்தவை பென்சில்வேனியா, நியூஜெர்சி, இந்தியானா, இல்லினாய்ஸ், கலிஃபோர்னியா ஆகிய ஐந்து வடமாநிலங்கள். தெற்கு அவருக்கு ஆட்சியைக் கொடுத்தது; அந்த ஐந்து மாநிலங்கள் அதைத் தேசிய ஆட்சியாக்கின. அவற்றைக் காப்பாற்றிக்கொள்வதே அவருடைய அரசியலின் அடிப்படைத் தேவையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் ஏழு பேர் கொண்ட அமைச்சரவையில் நால்வர் அடிமை மாநிலத்தவர். நிதி ஜார்ஜியாவின் ஹவெல் காபுக்கும், போர்த்துறை வர்ஜீனியாவின் ஜான் ஃபிளாய்டுக்கும், உள்துறை மிசிசிப்பியின் ஜேக்கப் தாம்ப்சனுக்கும் போயின. வடக்கின் செல்வாக்குமிக்க ஜனநாயகக் கட்சித் தலைவரான டக்ளஸின் ஆதரவாளர்களுக்கு அங்கே இடமில்லை.

அடிமைமுறை குறித்த அவருடைய பார்வையும் இதற்கு இசைவாகவே இருந்தது. அதை ஒரு தீங்கென்று அவர் ஏற்றார்; ஆனால் அரசியல் சாசனத்தின் காப்புப் பெற்ற தீங்கு என்றார். சிக்கலின் வேர் அடிமைமுறையில் இல்லை, அதை எதிர்த்து வடக்கில் கிளர்ச்சி செய்கிறவர்களிடம்தான் இருக்கிறது என்று நம்பினார். கிளர்ச்சி ஓய்ந்தால் நாடு ஓயும் என்ற இந்த நோயறிதலிலிருந்தே அவர் தந்த மருந்துகள் எல்லாம் பிறந்தன.

நீதிமன்றத்தின் தலையில் கட்டிய சுமை

முதல் மருந்து டிரெட் ஸ்காட் தீர்ப்பு. படை மருத்துவர் ஒருவருக்கு அடிமையாக இருந்த டிரெட் ஸ்காட், அடிமைமுறை தடைசெய்யப்பட்ட இல்லினாய்ஸிலும் விஸ்கான்சின் நிலப்பகுதியிலும் எசமானோடு வாழ்ந்தவர். அந்த வாழ்வே தன்னை விடுதலையாக்கியது என்று 1846இல் செயின்ட் லூயிஸில் வழக்குத் தொடுத்தார். பத்தாண்டு கடந்து வழக்கு உச்ச நீதிமன்றத்தில் முடிவுக்குக் காத்திருந்தது. ஒன்பது நீதிபதிகளில் ஐவர் அடிமை மாநிலத்தவர். வழக்கைக் குறுகிய சட்டக் காரணம் ஒன்றோடு முடித்துவிடலாம் என்ற எண்ணமும் நீதிபதிகளிடையே முதலில் இருந்தது.

பதவியேற்புக்கு முன்பே, 1857 பிப்ரவரியில், புக்கானன் நீதிபதி ஜான் கேட்ரனுக்கு எழுதி வழக்கின் நிலையைக் கேட்டார். பெரும்பான்மை வெறும் தென்னாட்டுப் பெரும்பான்மையாகத் தெரியாமல் இருக்க, பென்சில்வேனியாக்காரரான நீதிபதி ராபர்ட் கிரியருக்கு ஒரு வார்த்தை எழுதுமாறு கேட்ரன் கேட்டுக்கொண்டார். புக்கானன் எழுதினார், கிரியர் இணங்கினார், தீர்ப்பு எப்படி அமையும் என்றும் பதிலில் தெரிவித்தார். மார்ச் 4 அன்று பதவியேற்பு உரையில், நீதிமன்றம் எந்த முடிவைத் தந்தாலும் அதற்கு மகிழ்ச்சியோடு கட்டுப்படுவேன் என்று புக்கானன் அறிவித்தார். முடிவு என்ன என்பது அவருக்கு முன்கூட்டியே தெரியும்.

இரண்டு நாள் கழித்து ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் தலைமை நீதிபதி ரோஜர் டானியின் தீர்ப்பு வந்தது. கறுப்பர்கள் அமெரிக்கக் குடிமக்களாக முடியாது. புதுநிலங்களில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை. மிசூரி உடன்பாடு தொடக்கத்திலிருந்தே செல்லாது. குடியரசுக் கட்சியின் முதன்மைக் கோரிக்கையைச் சாசனத்துக்கு எதிரானது என்று ஒரே வீச்சில் நிராகரித்த தீர்ப்பு இது. நாடாளுமன்றத்துக்கே தடுக்கும் அதிகாரம் இல்லையென்றால், அது உருவாக்கிய குடியேற்றச் சபைக்கு எங்கிருந்து வரும் என்ற கேள்வி எழுந்ததால், டக்ளஸின் கொள்கையும் ஆட்டம் கண்டது.

அரசியலால் தீராததை நீதிமன்றம் தீர்த்துவைக்கும் என்று புக்கானன் எதிர்பார்த்தார். நேர்மாறாக நடந்தது. நாட்டின் ஒரு பாதி தீர்ப்பை ஏற்றது. மறுபாதிக்கு நீதிமன்றமே ஒரு தரப்பாகிப்போனது. ஆட்சிக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே திரைமறைவு ஏற்பாடு இருந்தது என்று குடியரசுக் கட்சித் தலைவர்களான சிவர்டும் லிங்கனும் 1858இல் குற்றம் சாட்டினர். அவர்களிடம் அப்போது ஆதாரம் இல்லை. பின்னாளில் வெளிவந்த கடிதங்கள் அந்த ஐயத்துக்கு அடிப்படை இருந்ததைக் காட்டின.

கான்சாஸ்: தானே கொடுத்த வாக்கு

இரண்டாவது மருந்தே நோயாளியைக் கிடத்தியது. கான்சாஸ் ஆளுநராக மிசிசிப்பியின் முன்னாள் செனட்டர் ராபர்ட் வாக்கரைப் புக்கானன் அனுப்பினார். அங்கே எழுதப்படும் மாநிலச் சாசனம் முழுவதும் மக்கள் வாக்குக்கு விடப்படும் என்று வாக்கருக்கு உறுதி தந்தார். அந்த ஒரு கேள்வியில் நிற்கவோ வீழவோ தயார் என்று 1857 ஜூலையில் கடிதமே எழுதினார்.

கான்சாஸில் குடியேறியவர்களில் பெரும்பான்மையோர் அடிமைமுறையை விரும்பாதவர்கள். இது வாக்கர் நேரில் போய்க் கண்ட உண்மை. ஆனால் சாசனப் பேரவைக்கான தேர்தல் தொகுதிகளும் வாக்காளர் பட்டியலும் எதிர்த்தரப்புக்குச் சாதகமாக அமைக்கப்பட்டிருந்ததால் பெரும்பான்மையினர் தேர்தலைப் புறக்கணித்தனர். பதிவு செய்தவர்களில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கினர் வாக்களித்து அமைந்த பேரவை, லெகாம்ப்டன் என்ற ஊரில் கூடி அடிமைமுறைச் சாசனம் எழுதியது. அந்த ஆண்டு அக்டோபரில் நடந்த சட்டசபைத் தேர்தலில் ஒரு சில வீடுகளே இருந்த ஆக்ஸ்ஃபோர்டு என்ற சிற்றூரிலிருந்து 1,600க்கும் மேற்பட்ட வாக்குகள் வந்துசேர்ந்தன. வாக்கர் அவற்றைத் தள்ளுபடி செய்தார். அடிமைமுறை எதிர்ப்பாளர்கள் சபையைக் கைப்பற்றினர்.

லெகாம்ப்டன் பேரவை சாசனம் முழுவதையும் வாக்குக்கு விடவில்லை. ‘அடிமைமுறையோடு’ அல்லது ‘அடிமைமுறை இன்றி’ என்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம் என்றது. ‘இன்றி’ என்று வாக்களித்தாலும் ஏற்கெனவே அங்கிருந்த அடிமைகள் அடிமைகளாகவே நீடிப்பார்கள். டிசம்பர் 21 அன்று 6,226 பேர் ‘அடிமைமுறையோடு’ என்றும் 569 பேர் ‘இன்றி’ என்றும் வாக்களித்ததாகக் கணக்கு வந்தது. முதல் எண்ணில் ஆயிரக்கணக்கானவை கள்ள வாக்குகள். புதிய சட்டசபை 1858 ஜனவரி 4 அன்று முழுச் சாசனத்தையும் வாக்குக்கு விட்டபோது எதிராக 10,226 வாக்குகள் விழுந்தன. மக்கள் விருப்பம் எது என்பதில் ஐயத்துக்கு இடமே இல்லை.

புக்கானன் என்ன செய்தார்? வாக்கர் பதவி விலகிப் போக விட்டார். பிப்ரவரி 2 அன்று லெகாம்ப்டன் சாசனத்தை ஏற்றுக் கான்சாஸை அடிமை மாநிலமாகச் சேர்த்துக்கொள்ளும்படி நாடாளுமன்றத்தைக் கேட்டுக்கொண்டார். தென்மாநிலங்கள் பிரிந்துவிடும் என்ற மிரட்டல் அதற்கு ஒரு காரணம். சட்டப்படி கூடிய பேரவையின் முடிவைத் தட்ட முடியாது என்ற வறட்டு வாதம் இன்னொரு காரணம்.

டக்ளஸ் முந்தைய டிசம்பரிலேயே வெள்ளை மாளிகைக்குப் போய் எதிர்ப்பைத் தெரிவித்திருந்தார். ஆண்ட்ரூ ஜாக்சன் காலத்தில் தலைவரை எதிர்த்த கட்சிக்காரர்களுக்கு நேர்ந்த கதியைப் புக்கானன் நினைவூட்டியதாகவும், ஜாக்சன் செத்துப்போய்விட்டார் என்பதைத் தலைவர் மறக்க வேண்டாம் என்று தான் திருப்பிச் சொன்னதாகவும் டக்ளஸ் பின்னர் கூறினார். அடுத்து வந்த மாதங்களில் புக்கானன் காட்டிய சுறுசுறுப்பு வியப்பூட்டும். டக்ளஸின் ஆட்கள் அரசுப் பதவிகளிலிருந்து நீக்கப்பட்டனர். தபால் நிலையப் பதவி, அரசு ஒப்பந்தம், ரொக்கம் எல்லாம் வாக்குச் சேகரிக்கப் பயன்பட்டதை 1860இல் பிரதிநிதிகள் சபையின் கோவோடு குழு விரிவாக வெளிக்கொணர்ந்தது. செனட்டில் 33க்கு 25 என்று வெற்றி கிடைத்தது. பிரதிநிதிகள் சபையில், சாசனத்தை மறுபடி வாக்குக்கு விட வேண்டும் என்ற திருத்தம் 120க்கு 112 என்று நிறைவேறியது. கடைசியில் ஒரு சமரச ஏற்பாட்டின்படி ஆகஸ்டில் கான்சாஸ் மக்களிடமே கேட்டபோது 11,300 பேர் மறுத்தார்கள். 1,788 பேர் ஏற்றார்கள்.

லெகாம்ப்டன் விவாதத்தின்போதுதான் தென் கரோலினா செனட்டர் ஜேம்ஸ் ஹேமண்ட், பருத்தியே அரசன், அதன்மீது போர்தொடுக்க உலகில் எவருக்கும் துணிவில்லை என்ற பொருளில் பேசினார். அமெரிக்க ஏற்றுமதியில் பாதிக்கு மேல் பருத்தி என்பதால் வந்த இறுமாப்பு அது. போர் மூண்டு அமெரிக்கப் பருத்தி நின்றபோது லங்காஷயர் ஆலைகள் தவித்தது உண்மை. ஆனால் அவை எகிப்தையும் இந்தியாவையும் தேடிப் போயின. நம் திருநெல்வேலிக் கரிசல் பருத்திக்கும் அப்போது விலை ஏறியது. ஹேமண்டின் கணக்கு பொய்த்தது. 1858இல் அதைப் பொய்யென்று தெற்குக்கு எடுத்துச் சொல்லும் இடத்தில் இருந்தவர், அந்தத் தரப்புக்காக வாக்குச் சேகரித்துக்கொண்டிருந்தார்.

முறிந்த பாலம்

மதச் சபைகளில் மெத்தடிஸ்டுகளும் பாப்டிஸ்டுகளும் 1840களிலேயே வடக்கு, தெற்கு என்று பிரிந்துவிட்டனர். விக் கட்சி மறைந்துவிட்டது. 1857இல் இரு பகுதிகளிலும் வேர் கொண்டிருந்த பெரிய அரசியல் அமைப்பு ஜனநாயகக் கட்சி ஒன்றுதான். இரு தரப்பாரும் ஒரே அறைக்குள் சண்டையிட்டு உடன்பாடு காணக்கூடிய கடைசி இடம் அது. லெகாம்ப்டனுக்குப் பிறகு அந்த அறையும் இரண்டானது. 1860 ஏப்ரலில் சார்ல்ஸ்டனில் கூடிய கட்சி மாநாட்டிலிருந்து தென்மாநிலப் பிரதிநிதிகள் பலர் வெளியேறினர். வடக்கத்தியர் டக்ளஸையும் தென்னவர் துணைத் தலைவர் ஜான் பிரெக்கின்ரிட்ஜையும் நிறுத்தினர். புக்கானன் பிரெக்கின்ரிட்ஜை ஆதரித்தார்.

இங்கே ஒரு மறுப்பை நேர்மையாகச் சந்திக்க வேண்டும். லிங்கன் 40 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவான மக்கள் வாக்கோடு 180 தேர்வாளர் வாக்குகள் பெற்றார். எதிர்த்துப் போட்டியிட்ட அனைவரும் பெற்ற வாக்குகளை ஒவ்வொரு மாநிலத்திலும் ஒன்றாகக் கூட்டினாலும் அவர் இழப்பது கலிஃபோர்னியாவும் ஓரிகனும் நியூஜெர்சியில் கிடைத்த நான்கும் மட்டுமே. அப்போதும் 169 மிஞ்சும், தேவை 152. ஆகவே கட்சி உடையாவிட்டாலும் லிங்கன்தான் வென்றிருப்பார், உடைத்தவரைக் குறைசொல்லிப் பயனில்லை என்று வாதிடுவோர் உண்டு.

இந்தக் கூட்டல் சரி. அதிலிருந்து எடுக்கும் முடிவு சரியல்ல. 1860இல் விழுந்த வாக்குகள் முந்தைய மூன்றாண்டுகளின் விளைவு. 1856இல் புக்கானனைத் தேசியத் தலைவராக்கிய ஐந்து வடமாநிலங்களில் நான்கை 1860இல் லிங்கன் முழுமையாகவும் நியூஜெர்சியைப் பெரும்பகுதியாகவும் பெற்றார். புக்கானனின் சொந்த மாநிலமான பென்சில்வேனியாவில் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் லிங்கனுக்கே விழுந்தன. 1857இன் பொருளாதார நெருக்கடியும் சுங்கவரிப் பூசலும் இதில் பங்கு வகித்தன. ஆனால் ‘மக்களே முடிவு செய்யட்டும்’ என்று சொல்லி வாக்குக் கேட்ட கட்சி, மக்கள் முடிவை மிதித்த காட்சியை அம்மாநில வாக்காளர்கள் மறக்கவில்லை.

நான்கு மாதங்கள்

தென் கரோலினா 1860 டிசம்பர் 20 அன்று பிரிந்தது. ஜனவரியில் மிசிசிப்பி, ஃபுளோரிடா, அலபாமா, ஜார்ஜியா, லூசியானா. பிப்ரவரி 1 அன்று டெக்சாஸ். பிப்ரவரி தொடக்கத்தில் மான்ட்கோமரியில் தனிக் கூட்டரசே அமைந்துவிட்டது.

டிசம்பர் 3 அன்று நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய செய்தியில் புக்கானன் மூன்று விஷயங்கள் சொன்னார்: நெருக்கடிக்குக் காரணம் வடக்கின் இடைவிடாத அடிமைமுறை எதிர்ப்பு, பிரிந்துபோகும் உரிமை எந்த மாநிலத்துக்கும் இல்லை, பிரிகிற மாநிலத்தைப் படைபலத்தால் பணியவைக்கும் அதிகாரம் மத்திய அரசுக்கும் இல்லை. யாரும் எதிர்க்காதவரை சட்டத்தை நிறைவேற்றுவது தலைவரின் கடமை, தானாக விரும்பாதவரை எந்த மாநிலமும் பிரிய முடியாது என்றுதான் இதற்குப் பொருள் என்று சிவர்டு கேலி செய்தார்.

கேலிக்கு இடமிருந்தாலும், புக்கானன் மாட்டிக்கொண்ட சட்டச் சிக்கல் மெய்யானது. நீதிமன்ற ஆணைகளை நிறைவேற்றப் படையைப் பயன்படுத்தலாம் என்றது சட்டம். ஆனால் தென் கரோலினாவில் மத்திய அரசின் நீதிபதியும் அதிகாரிகளும் பதவி விலகிவிட்டனர். ஆணை பிறப்பிக்க ஆளில்லாத இடத்தில் எதை நிறைவேற்றுவது? படை இருந்ததா என்பது அடுத்த கேள்வி. மொத்தத் தரைப்படை சுமார் 16,000 பேர். அவர்களில் பெரும்பாலோர் மேற்கு எல்லையில் சிதறிக் கிடந்தனர். தென்பகுதிக் கோட்டைகளைப் பலப்படுத்தும்படி தளபதி வின்ஃபீல்டு ஸ்காட் அக்டோபர் இறுதியிலேயே எழுதினார். உடனே அனுப்பத் தன்னிடம் இருப்பது சில நூறு வீரர்களே என்றும் ஒப்புக்கொண்டார்.

ஆனாலும் மனமிருந்தால் வழி கண்டவர் இதே புக்கானன்தான். 1857இல் யூட்டாவின் மார்மன் சமயத்தார் மத்திய அதிகாரத்தை மதிக்கவில்லை என்று சொல்லி ஏறத்தாழ 2,500 வீரர்களை மலைகளையும் பாலைகளையும் கடந்து அனுப்பினார். 1858இல், அமெரிக்கக் கப்பல் ஒன்று சுடப்பட்டதற்காகப் பராகுவே மீது 19 கப்பல்களை ஏவினார். பலவீனம் அவருடைய இயல்பு என்ற விளக்கம் இந்த இரண்டின் முன் நிற்காது. தெற்கு என்று வரும்போது மட்டும் அவர் கை தளர்ந்தது.

சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் மேஜர் ராபர்ட் ஆண்டர்சனிடம் ஏறத்தாழ 80 வீரர்கள் இருந்தனர். கோட்டைகளுக்குக் கூடுதல் படை அனுப்பாவிட்டால் தாக்க மாட்டோம் என்று தென் கரோலினாவின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் டிசம்பரில் தலைவரைச் சந்தித்துச் சொன்னார்கள். அவர் எழுத்தில் உறுதி தரவில்லை, மறுக்கவும் இல்லை. அதை அவர்கள் உடன்பாடாக எடுத்துக்கொண்டார்கள். கூடுதல் படை அனுப்பாததைக் கண்டித்து வெளியுறவு அமைச்சர் லூயிஸ் காஸ் விலகினார். தெற்கின் பக்கம் சேர்வதற்காகக் காப் விலகினார். டிசம்பர் 26 இரவில் ஆண்டர்சன், காக்க முடியாத மௌல்ட்ரி கோட்டையை விட்டுத் துறைமுக நடுவிலிருந்த சம்டர் கோட்டைக்கு மாறினார். அவரைத் திருப்பி அனுப்பும்படி தென் கரோலினா தூதர்கள் வற்புறுத்தினர். புக்கானன் எழுதிய பதில் வரைவு இளக்கமாக இருந்தது. அதை அனுப்பினால் விலகிவிடுவோம் என்று அமைச்சர் ஜெரமையா பிளாக்கும் அவருடைய சகாக்களும் மிரட்டிய பிறகே கோட்டையைக் கைவிட மறுத்தார்.

ஃபிளாய்டு விலகிப் போர்த்துறைக்கு ஜோசப் ஹோல்ட் வந்த பிறகு ஆட்சியின் நிறம் சற்று மாறியது. ஜனவரியில் 200 வீரர்களோடு ‘ஸ்டார் ஆஃப் தி வெஸ்ட்’ என்ற வணிகக் கப்பல் சம்டருக்குப் போனது. 9ஆம் தேதி கரையிலிருந்து குண்டுகள் பாய்ந்தன, ஆண்டர்சனுக்கு முறையான உத்தரவு வந்து சேராததால் அவர் திருப்பிச் சுடவில்லை, கப்பல் திரும்பியது. நாட்டுக் கொடி தாங்கிய கப்பல் சுடப்பட்டும் தலைவர் பதிலடி கொடுக்கவில்லை. பொறுப்பு நாடாளுமன்றத்தினுடையது என்றார். நாடாளுமன்றமும் அவருக்குப் புதிய அதிகாரம் எதையும் தரவில்லை.

1832இல் இதே தென் கரோலினா சுங்கவரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தபோது ஜாக்சன் சார்ல்ஸ்டனுக்குப் படையும் கப்பலும் அனுப்பினார். படைப்பலத்தைப் பயன்படுத்தும் சட்டமும் வரிக் குறைப்பும் 1833 மார்ச்சில் ஒருசேர நிறைவேறின. புக்கானன் ஜாக்சனைப் பின்பற்றியிருக்கலாமே என்று அன்றே கேட்டார்கள். ஆனால் 1832இல் தென் கரோலினா தனித்து நின்றது. ஜாக்சனுக்கு நாடெங்கும் செல்வாக்கு இருந்தது. 1860இல் பருத்தி மாநிலங்கள் வரிசையாகக் கிளம்பின. புக்கானனுக்கோ வடக்கில் நம்பிக்கை இல்லை, தெற்கில் அச்சம் இல்லை. அந்த இரண்டையும் அவர் இழந்தது 1858இல்.

வரலாற்றாசிரியர்களின் வழக்கு

இந்தப் போரைப் பற்றிய பழைய பிளவு இன்னும் தீரவில்லை. இரண்டு உழைப்பு முறைகளுக்கு இடையிலான மோதல் தவிர்க்க முடியாதது என்று சிவர்டு 1858இல் சொன்னதே ஒரு மரபின் தொடக்கம். 1930களிலும் 1940களிலும் ஏவரி கிரேவன், ஜேம்ஸ் ராண்டால் போன்றோர் மறுதரப்பில் நின்றனர். போர் தேவையற்றது, சொதப்பிய ஒரு தலைமுறை அரசியல்வாதிகள் அதைக் கொண்டுவந்தார்கள் என்றனர். உலகப் போர்களின் வீணடிப்பைக் கண்டவர்களின் வாதம் அது. அதில் அடிமைகளின் குரல் ஏறத்தாழக் கேட்கவே இல்லை என்பதை 1949இல் ஆர்தர் ஷ்லெசிங்கர் சுட்டிக்காட்டினார்.

புக்கானனைப் பொறுத்தவரை, 1962இல் விரிவான வாழ்க்கை வரலாறு எழுதிய ஃபிலிப் கிளைன் பரிவோடு அணுகுகிறார். போரைத் தொடங்காமலும் பிரிவினையை ஏற்காமலும் சம்டர், பிக்கென்ஸ் கோட்டைகளைக் கையில் வைத்தபடி புக்கானன் ஆட்சியை ஒப்படைத்தார். அப்போது பதினைந்து அடிமை மாநிலங்களில் எட்டு ஒன்றியத்தில் நீடித்தன. லிங்கனும் முதல் ஆறு வாரம் ஏறத்தாழ அதே நிலையைத்தான் எடுத்தார் என்று அவர் பக்கம் பேச இடமுண்டு. 1866இல் தானே எழுதிய நூலில் புக்கானன் முன்வைத்த தற்காப்பும் இதைச் சார்ந்ததே. கென்னத் ஸ்டாம்ப் பார்வையை 1857க்குத் திருப்பினார். திரும்ப முடியாத இடத்தை நாடு நெருங்கியது அந்த ஆண்டில்தான் என்றார். 2004இல் ஜீன் பேக்கர், புக்கானனின் குறை தயக்கத்தில் இல்லை, தெற்கின் மீதான கண்மூடிய சார்பில் இருந்தது என்று வாதிட்டார்.

கிளைன் தரப்பின் வாதம் கடைசி நான்கு மாதங்களுக்குப் பெரிதும் பொருந்துகிறது. ஸ்டாம்பும் பேக்கரும் சொல்வது முந்தைய மூன்றாண்டுக்குப் பொருந்துகிறது. இரண்டையும் ஒன்றாக வைத்தால்தான் முழு உருவம் கிடைக்கிறது: 1861இல் புக்கானன் செய்ததைவிடப் பெரிதாக வேறொருவர் செய்திருக்க முடியாது, ஏனெனில் 1858இல் புக்கானன் அதற்கான வழிகளை அடைத்திருந்தார்.

எந்த விலைக்கு அமைதி?

ஆனால் ‘போரைத் தடுத்திருக்கலாமா’ என்ற கேள்விக்குள் இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது. 1860 கணக்கெடுப்பின்படி நாட்டின் மக்கள்தொகை 3.14 கோடி, அதில் 39.5 லட்சம் பேர் அடிமைகள். டிசம்பரில் கென்டக்கி செனட்டர் ஜான் கிரிட்டெண்டன் முன்வைத்த சமரசத் திட்டம், பழைய 36 பாகை 30 நிமிடக் கோட்டைப் பசிபிக் வரை நீட்டி, அதன் தெற்கே அடிமைமுறைக்குச் சாசனக் காப்பு தரச் சொன்னது. பின்னாளில் எவரும் அதை மாற்றவே முடியாதபடி பூட்டும் போட்டது. பிப்ரவரியில் முன்னாள் தலைவர் ஜான் டைலர் தலைமையில் 21 மாநிலங்கள் கூடிய சமாதான மாநாட்டின் திட்டமும் அதற்கு நெருங்கியதே. மாநிலங்களுக்குள் அடிமைமுறையை மத்திய அரசு தொடக்கூடாது என்ற சாசனத் திருத்தத்தில் புக்கானன் பதவியின் கடைசி நாட்களில் கையெழுத்திட்டார். அவருடைய ஒப்பம் அதற்குத் தேவைப்படவே இல்லை.

இந்தத் திட்டங்களில் ஏதேனும் வென்றிருந்தால் 1861இல் போர் வந்திராமல் இருக்கலாம். ஆனால் 39.5 லட்சம் பேருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் விடிவும் வந்திராது. வெள்ளையர்கள் தங்களுக்குள் சாகாமல் இருக்கக் கறுப்பர்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டுண்டு கிடப்பதை அமைதி என்று எழுத முடியாது. லிங்கன் இந்த இடத்தில்தான் பிடிவாதமாக நின்றார்: இருக்கும் மாநிலங்களில் அடிமைமுறையைத் தொடமாட்டேன், புதுநிலங்களில் அது பரவ இம்மியும் இடம் தரமாட்டேன். ஆகவே புக்கானனை அளக்கும் கோல் ‘போரைத் தடுத்தாரா’ என்பது மட்டுமாக இருக்கக்கூடாது. அடிமைமுறையை மெல்ல ஒடுக்கும் அமைதிவழி ஏதேனும் திறந்திருந்ததா, அதை அவர் அடைத்தாரா என்பதே சரியான கோல்.

அப்படி ஒரு வழி அகலமாகத் திறந்திருந்தது என்று சொல்வதற்கில்லை. அடிமைகளின் மதிப்பில் முடங்கிக் கிடந்த செல்வம் பெரிது. தெற்கின் மேட்டுக்குடி அதை விருப்பத்தோடு விட்டுக்கொடுக்கும் அறிகுறி எதுவும் இல்லை. ஆனால் கான்சாஸ் ஒரு சிறு வாசலாக இருந்தது. அங்கே மக்கள் வாக்கை ஏற்றிருந்தால், அதுவும் தென்னவரான வாக்கரின் சொல்லைக் கேட்டு ஏற்றிருந்தால், விதிகளுக்கு உட்பட்டுத் தெற்கு தோற்கவும் கூடும், தோற்றபின்னும் ஒன்றியத்துக்குள் வாழவும் கூடும் என்ற முன்மாதிரி உருவாகியிருக்கும். தெற்கில் சிலர் அப்போதும் கூச்சலிட்டிருப்பார்கள். ஒரு மாநிலமோ இரண்டோ முரண்டும் பிடித்திருக்கலாம். ஆனால் வடக்கும் தெற்கும் கலந்த ஒரு கட்சி தலைவரின் பின்னால் நின்றிருக்கும். ஜாக்சனுக்கு இருந்த பிடி அவருக்கும் இருந்திருக்கும். அதற்குப் பதிலாக, மிரட்டினால் தலைவரே வாக்குத் தவறுவார் என்ற பாடத்தைத் தெற்கு கற்றது; வாக்குப்பெட்டியில் வென்றாலும் பயனில்லை என்ற பாடத்தை வடக்கு கற்றது. 1860 டிசம்பரில் தென் கரோலினா மீண்டும் மிரட்டியபோது, இம்முறை அவர் உறுதியாக நிற்பார் என்று நம்ப எவருக்கும் காரணம் இல்லை.

முடிவாக

கான்சாஸ் கடைசியில் 1861 ஜனவரி 29 அன்று அடிமைமுறையற்ற மாநிலமாகவே ஒன்றியத்தில் சேர்ந்தது. அந்தச் சட்டத்தில் கையெழுத்திட்டவரும் புக்கானன்தான். 1858இல் கொடுக்க மறுத்ததை அவர் மூன்றாண்டு கழித்துக் கொடுத்தபோது, அதனால் எதையும் காப்பாற்ற முடியாத நிலை வந்துவிட்டது.

போரைத் தடுக்கத் தவறிய தலைவர்களைப் பற்றி எழுதும்போது கடைசி வாரங்களின் தந்திகளையும் அமைச்சரவைக் கூட்டங்களையும் புரட்டிப் பார்ப்பது இயல்பு. விறுவிறுப்பு அங்கேதான் இருக்கிறது. புக்கானன் வழக்கு வேறொன்றைக் காட்டுகிறது. ஒரு தலைவருக்கு நெருக்கடி வேளையில் உதவுவது சட்டநூலோ படைக் கணக்கோ மட்டும் அல்ல. தனக்கு வாக்களிக்காதவர்களும் தன் சொல்லை நம்புவார்கள் என்ற முதலீடு. அதை அமைதிக் காலத்தில்தான் சேர்க்க முடியும். தன்னைப் பதவியில் அமர்த்திய தரப்புக்கு ‘இதில் நீங்கள் தோற்றுவிட்டீர்கள், ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்வதே அதைச் சேர்க்கும் வழி. 1858 பிப்ரவரியில் அந்த வாய்ப்பு புக்கானனின் மேசைக்கு வந்தது. அவர் எதிர்த்திசையில் கையெழுத்திட்டார். வரலாற்றாசிரியர்கள் தரும் கடைசி இடத்துக்கு அவர் தகுதியானவர்தான். ஆனால் தீர்ப்பில் எழுத வேண்டிய தேதி 1860 டிசம்பர் 20 அல்ல, 1858 பிப்ரவரி 2.